தங்கையின் இரவுப் படிப்பு

தங்கை மதுரையில் பி.ஃபார்ம் முடித்து எட்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவள். இப்போது டொரன்டோவில், பிள்ளைகள் தூங்கியதும் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரிக்கிறாள். இங்கே மருந்தாளுநர் ஆவதற்கு முதலில் PEBC எனும் கனடா மருந்தாளுநர் தேர்வு வாரியம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும், அப்புறம் மதிப்பீட்டுத் தேர்வு, அதைத் தாண்டினால் தகுதித் தேர்வு, அதிலும் இரண்டு பகுதி. அதன் பிறகும் மாகாணச் சட்டத் தேர்வு இருக்கிறது.

அவளுக்குப் பயம் எல்லாம் தகுதித் தேர்வின் இரண்டாம் பகுதிதான். நோயாளியாக நடிப்பவரிடம் பேசி, விசாரித்து, மருந்தை விளக்க வேண்டும், மணி அடித்தால் அடுத்த அறை.

நேற்று நான்தான் நோயாளி. "ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன், முட்டிவலிக்கு ஐபுபுரோஃபென் போடலாமா?" என்று கேட்டேன். வேண்டாம், ரத்தக்கசிவு வரும் என்று சட்டென்று சொன்னாள். அடுத்து "பாராசிட்டமால்" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். இங்கே அதற்குப் பெயர் அசிட்டமினோஃபென். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மருந்து தெரியாதவள் இல்லையே!

அமெரிக்கா போயிருக்கலாமே என்கிறார்கள் சிலர். 2003க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்களிடம் அங்கே ஐந்து வருஷப் படிப்பு கேட்கிறார்கள், நம் பி.ஃபார்ம் நான்கு வருஷம்தான்.

இந்தத் தேர்வை எழுதியவர்கள் யாராவது இருந்தால், சனிக்கிழமை ஒரு மணி நேரம் அவளோடு பேசிப் பயிற்சி கொடுக்க முடியுமா? உள்பெட்டிக்கு வாருங்கள்.