பாகு பதமும் என் நடையும்

ஜூன் 3, 2024, திங்கள்

கடலைமிட்டாய் பற்றி எழுதியதை நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். காலையில் கோவில்பட்டியிலிருந்து போன்.

"இது யாருப்பா எழுதுனது?"

"நான்தான்ப்பா."

"அப்படியா? யாரோ ரேடியோவுல பேசுற மாதிரி இருக்கே."

அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது, வைத்துவிட்டார்.

மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். முதல் வரியே 'வெல்லத்தின் நறுமணம் வீதியெங்கும் தவழ்ந்தது.' நான் வாயால் 'நறுமணம்' என்று சொன்னதாக ஞாபகமே இல்லை. எங்கள் வீட்டில் அது வாசம். பாகு முறுகிவிட்டால் கருகல். உருப்படியாக இருந்தது, 2020இல் எங்கள் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லும் வரி ஒன்றுதான்.

ஜூன் 6, வியாழன்

தொழில் புத்தி, கணக்குப் போட்டேன். நாலு பக்கத்தில் 'மெல்லிய' 7, 'ஏனோ' 5. 'மெல்லிய'வை ஏழு இடத்திலும் அடித்துவிட்டேன், ஒன்றும் குறையவில்லை. 'ஏனோ' அப்படி இல்லை. ஏன் என்று யோசிக்கச் சோம்பல்பட்ட இடத்தில் எல்லாம் அதை வைத்து மூடியிருக்கிறேன். அந்த ஐந்து இடத்திலும் இனி உட்கார வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

ரேடியோ வேண்டாம், ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுவோம் என்று இறங்கினேன். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (கி.ரா.) தொகுத்து 1982இல் வந்த கரிசல் வட்டார வழக்கு அகராதி பக்கத்தில். 'அங்ஙன', 'இங்ஙன', வரிக்கு ஒரு 'எலேய்'. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"நீங்க எப்போ இப்படிப் பேசுனீங்க? மாமாவே பேசமாட்டாங்க. மாறுவேடப் போட்டிக்குக் கிளம்புன மாதிரி இருக்கு."

கோயம்புத்தூர் வந்து பதினைந்து வருஷம். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 12, புதன்

அதே யோசனை. கி.ரா.வுக்கு ஊர் இடைசெவல், எங்களுக்குப் பக்கம். இன்னொரு எழுத்தாளர் கு. அழகிரிசாமிக்கும் அதே ஊர். இருவரும் 1923இல் பிறந்தவர்கள், சேர்ந்து வளர்ந்த சிநேகிதர்கள். ஒரே மண், ஒரே பேச்சுதான் இருவர் காதிலும் விழுந்திருக்கும். கி.ரா.வோ கதை சொல்லும் இடத்திலும் பேச்சையே வைத்தார். அழகிரிசாமி நமக்கெல்லாம் பழகிய எழுத்துத் தமிழில், சத்தமே போடாமல் சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் நான் அகராதியில் தேடிக்கொண்டிருந்தது எதை?

ஜூன் 16, ஞாயிறு

அப்பாவிடம் போனில் பாகு பதம் கேட்டுப் பதிவு செய்தேன். சாயங்காலம் முழுக்க அதைக் கேட்டு அப்படியே எழுதினேன்.

"தண்ணியில ஒரு சொட்டு விடு. எடு. தட்டுல போடு. டங்குன்னு கேட்டா எறக்கு. கேக்கலியா, நில்லு."

கை எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் வாக்கியமும் போகிறது. ஒரு அடைமொழி இல்லை.

பதிவில் என் குரலும் இருக்கிறது, கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவரை முடிக்கவிடாமல் குறுக்கே குறுக்கே போகிறேன். "எவ்வளவு நேரம்?" "எத்தனை கிலோவுக்கு?" "கருகுனா எவ்வளவு நட்டம்?" ஐந்து நிமிஷத்தில் ஒன்பது 'எவ்வளவு'. சின்ன வயசில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் இன்னும் எழுந்திருக்கவில்லை போல. எழுதும்போது மட்டும் அவனை எதற்காக வெளியே அனுப்பிவிட்டு நறுமணத்தை உள்ளே கூப்பிட்டேன்?

ஜூன் 19, புதன்

திரும்ப எழுதியதில் ஒரு பத்தி:

'அடுப்பு முன்னால் நின்றால் அப்பா யாரிடமும் பேசமாட்டார். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதை எடுத்து எவர்சில்வர் தட்டில் போடுவார். டங்கென்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டு நான் வாங்கிய குட்டு இரண்டு. பாகு நுரைத்து ஏறும், கடலையைக் கொட்டுவார்.'

அனுப்பினேன். பத்து மணிக்குப் போன். யார் எழுதினது என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

"ஏறும்போது எங்கப்பா கொட்டுவோம்? எறக்கி வச்சுட்டுத்தான் கடலை. அதை மாத்து. அப்புறம், குட்டு ரெண்டு இல்ல, ஒண்ணுதான்."

கடலையை மாற்றிவிட்டேன். குட்டு இரண்டுதான்.