அலோன்சோ குடித்த பால்

மே மாதம் வந்தாலே எனக்கு அமெரிக்காவில் நடந்த 2017 இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயம்தான் ஞாபகம் வரும். இரண்டு முறை ஃபார்முலா 1 உலகச் சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோ, அதே நாளில் நடந்த மொனாக்கோ ஃபார்முலா 1 பந்தயத்தையே விட்டுவிட்டு அங்கே போனார். ஓவல் எனப்படும் நீள்வட்டத் தடத்தில் அவருக்கு அதுதான் முதல் பந்தயம். இடப்பக்கம் மட்டும் திரும்புவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல், முன்னால் போகும் கார்கள் கலைத்துவிட்ட காற்றில் வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது தனி வித்தை.

தகுதிச் சுற்றில் 5ஆம் இடம். பந்தயத்தில் 27 சுற்றுகள் முன்னணி. 200இல் இன்னும் 21 சுற்றுகளே மிச்சம், இன்ஜின் புகைந்து நின்றது. கூட்டமே எழுந்து கைதட்டியது.

அங்கே ஜெயித்தவருக்குப் பால் கொடுப்பது வழக்கம். அன்று ஜெயித்தவர் டக்குமா சாட்டோ. அப்புறம் பேட்டிக்கு வந்த அலோன்சோ, கையில் கொண்டுவந்த சின்னப் பால் பாக்கெட்டைக் குடித்துவிட்டு ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.