ஆலய வளவு: ஆவணி முதல் ஐப்பசி வரை

ஆவணி 3, ஞாயிறு

திருப்பலி முடிந்ததும் பங்குச் சபையில் சொல்லிவிட்டேன். ஆலய வளவைப் பகல் முழுவதும் ஊராருக்குத் திறந்துவிட வேண்டும், வேம்புகளின் கீழ் வாங்குகள் போட வேண்டும், குடிதண்ணீர் வைக்க வேண்டும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் சம்மதிக்கவும் இல்லை. “யோசிப்பம் ரீச்சர்” என்றார் பங்குச் சுவாமி.

ஆவணி 4, திங்கள்

கீரைக்கார அம்மா இன்றும் மதிலுக்கு வெளியேதான் இருந்தார். காலையில் மதிலின் நிழல் வீதிப் பக்கமாக விழுகிறது. பத்தரை மணிக்கு அது ஒரு முழமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒரு முழத்தில் கீரைப் பேசினை மதிலோடு ஒட்டி வைத்து, நனைத்த சாக்கினால் மூடிவிட்டு, அவர் வெயிலில் இருக்கிறார். மதிலுக்கு இந்தப் பக்கம் ஐம்பது பேர் தாராளமாக இருக்கக்கூடிய வேப்பமர நிழல் வெறுமையாகக் கிடக்கிறது.

ஆவணி 6, புதன்

பூட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2019 சித்திரை (ஏப்ரல்) 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்த பிறகுதான் எங்கள் கேற்றுக்குத் தகரம் அடித்துப் பூட்டுப் போட்டார்கள். அன்றைய அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். பூசைக்குப் போன பிள்ளைகள் வீடு திரும்பும்வரை நாங்கள் எல்லோரும் படலையடியில் நின்ற காலம் அது. ஆனால் அச்சம் மெல்ல மெல்லத் தணிந்தபோதும் பூட்டு மட்டும் கழற்றப்படவில்லை. இப்போது அதற்கு ஒழுங்கு என்று பெயர்.

இதே மண்ணில் வேறொரு காலமும் இருந்தது. 1995 ஆடி (ஜூலை) 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார்கள். அதைக் கண்டும் கேட்டும் இருந்த சனம்தான், அதே ஆண்டு ஐப்பசி (ஒக்டோபர்) 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதுமாக எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, மீண்டும் ஆலய வளவுகளைத் தேடிப் போனது. நாங்கள் சாவகச்சேரிப் பக்கத்தில் ஓர் ஆலய வளவில் சாக்கு விரித்துப் படுத்தோம். நீங்கள் எந்தச் சமயம், எந்த ஊர், எந்தப் பகுதி என்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஐயர் குடும்பத்திற்கும் எங்களுக்கும் ஒரே வாளியில்தான் தண்ணீர் வந்தது.

ஆவணி 9, சனி

நல்லூர்க் கந்தன் திருவிழாக் காலம். வீதிக்கு வீதி தண்ணீர்ப் பந்தல். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். கொடுத்தவர்களில் ஒருவராவது என் கழுத்திலிருந்த சிலுவையைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது யாழ்ப்பாணத்தில் கட்டடக் கலையாகவே வளர்ந்த ஒன்று. பருத்தித்துறைத் தெருமூடி மடத்தில் வீதியே மடத்திற்குள்ளால் போகிறது. இரு பக்கமும் கற்றூண்கள் தாங்கிய உயர்ந்த திண்ணை, நடுவில் போக்குவரத்து. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், அதற்குக் குடிக்கத் தண்ணீர்த் தொட்டி. வீடுகளுக்குச் சங்கடப்படலை இருந்தது. படலைக்கு மேலே கூரை, இரு புறமும் இருப்பதற்குத் திண்ணை. வீட்டுக்காரர் உள்ளே உறங்கினாலும், வாசலில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க எவரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தகரக் கேற்றைக் கழற்றிவிட்டு ஒரு சங்கடப்படலை கட்டலாம் என்று தோன்றுகிறது. நாளைக்கே சுவாமியிடம் சொல்வேன்.

ஆவணி 10, ஞாயிறு

சொல்ல முடியவில்லை. சுவாமிக்கு இடமாற்றம் வரப்போகிறதாம்.

ஆவணி 15, வெள்ளி

மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். பாதிச் சனம் மடு மாதா ஆலயத்திற்குப் போய்விட்டது. வளவில் நானும் வேலையாளும் மட்டுமே நின்று இலுப்பைச் சருகு கூட்டினோம். சுவாமியின் இடமாற்றம் எப்போது என்று யாரிடம் கேட்பது?

ஆவணி 22, வெள்ளி

கனடாவிலிருந்து எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பமொன்று பணம் தர முன்வந்திருக்கிறது. மனம் நிறைந்த கொடை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் கேட்பது வளவு முழுவதற்கும் இன்ரர்லொக் கல் பதிப்பும், வாசலில் பெயர் பொறித்த வளைவும். சபையில் எல்லோருடைய முகமும் மலர்ந்தது. படத்தில் பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது.

வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட யாழ்ப்பாணத்தில் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிற மாரி மழை, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அதைத்தான் கிணறுகளில் அள்ளிக் குடிக்கிறோம், தோட்டத்திற்கு இறைக்கிறோம். அள்ளுவது கூடி இறங்குவது குறைந்தால் உவர் மேலே ஏறும். மழையை நிலத்திற்குள் விடுகிற பெரிய வளவு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆலயத்தினுடையது ஒன்றுதான். அதைக் கல்லால் மூடினால் மழைநீர் வீதி வாய்க்காலுக்கு ஓடிவிடும்; மேலும் பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் கல்லின் மேல் செருப்பில்லாமல் ஒரு குழந்தையால் நிற்க முடியாது. கோயில் வீதிகளில் ஏன் மணல் பரப்பினார்கள் என்பதை எங்கள் பேரன்மார் ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைச் சபையில் சொன்னேன். மூப்பர் என் பக்கம் பார்க்காமலே, காசு தருகிறவர்களின் மனத்தையும் பார்க்க வேண்டும் என்றார்.

ஆவணி 23, சனி

இரவு நித்திரை இல்லை. வளைவில் பெயர் பொறித்துவிட்டுக் கேற்றைப் பூட்டி வைத்தால் அந்தப் பெயரை யார் வாசிப்பார்கள்?

ஆவணி 28, வியாழன்

சக்கர நாற்காலியில் வருகிற தம்பி இன்று ஒரு நல்ல திருத்தம் சொன்னார். போரில் இரண்டு கால்களையும் இழந்தவர். மணலில் சில்லுப் புதையும், ரீச்சர். நிழல் இருந்தும் எனக்கு அங்கே போக வழி இருக்காது என்றார். அவர் சொல்வது முழுவதும் சரி. கேற்றிலிருந்து பெரிய வேம்பு வரைக்கும், அங்கிருந்து ஆலய வாசலுக்கும் மலசலகூடத்திற்கும், இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே விலகக்கூடிய அகலத்தில் ஒரு கற்பாதை. மற்ற நிலமெல்லாம் மண்ணாகவே இருக்கட்டும். படிக்குப் பக்கத்தில் சாய்தளமும் வேண்டும். கொடையாளரின் கல்லுக்கும் இடம் கிடைக்கிறது, மழைக்கும் இடம் கிடைக்கிறது. கடதாசியில் கீறி எடுத்துக்கொண்டு சுவாமியிடம் போனேன். நெடுநேரம் பார்த்தார்.

புரட்டாதி 2, செவ்வாய்

கனடாக்காரர் தொலைபேசியில் பாதைக்குச் சம்மதித்துவிட்டார். அவருடைய தாயார் மாதர் சங்கத்தில் எங்களோடு இருந்தவர். அந்த வேம்பை வைத்தவரே அவர்தான் என்று நினைவுபடுத்தினேன். மறுமுனையில் அழுதார்.

புரட்டாதி 7, ஞாயிறு

இன்றைய கூட்டத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

குடிதண்ணீர்த் தாங்கியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. ஒருவர், அதை மதிலுக்கு வெளியே வைத்தால் “வாறவைக்கும் வசதி, எங்களுக்கும் வசதி” என்றார். இன்னொருவர், உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய் என்று இரண்டு வைக்கலாம் என்றார். அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யாருக்குக் கையில் ஊற்றலாம் என்று வகுத்து வாழ்ந்த ஊர் இது. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் வேண்டும் என்று போராடினார்கள்; அதுவரையில் சில பிள்ளைகள் தரையில் இருக்க, மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருந்தார்கள். கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களும் அதற்கு விலக்கல்ல. நூறு வருடம் ஆகப்போகிறது.

நான் எழுந்து, ஒரே ஒரு தாங்கிதான் வைக்கப்படும், அது பெரிய வேம்பின் கீழ்தான் வைக்கப்படும், அதில் சுவாமியும் குடிப்பார், கீரைக்கார அம்மாவும் குடிப்பார், அல்லது இந்தத் திட்டத்திலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். குரல் நடுங்கியது. சுவாமி சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “ஒண்டு காணும், உள்ளுக்குத்தான்” என்றார். அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

புரட்டாதி 8, திங்கள்

குறிப்பேட்டில் கையொப்பம் இடப்பட்டதா என்று போய்ப் பார்த்தேன். இடப்பட்டிருக்கிறது.

புரட்டாதி 14, ஞாயிறு

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை கேற்றைத் திறந்து வைப்பதென்று முடிவாகியிருக்கிறது. மார்கழி முடியும்வரை பரீட்சார்த்தமாகவாம். பெடியள் பந்தடிப்பது கொடிமரத்திற்குப் பின்பக்கம், சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) மதிலுக்குக் கிட்டப் போகக்கூடாது. மலசலகூடத் திறப்பு (சாவி), கேட்டு வாங்கும்படியாக இல்லாமல், பகலில் கதவிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு மாதர் சங்கம் முழுவதும் கை உயர்த்தியது. வகுப்புக்கு வருகிற பெண்பிள்ளைகள் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஏன் என்று ஆண்கள் இன்றுதான் கேட்டறிந்தார்கள்.

புரட்டாதி 16, செவ்வாய்

கேற்றுத் திறந்திருக்கிறது. ஒருவரும் வரவில்லை.

புரட்டாதி 18, வியாழன்

கீரைக்கார அம்மாவை நானே போய் அழைத்தேன். பேசினைத் தூக்கவில்லை. முன்பு ஒருநாள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாராம், “ஆரைப் பாக்க வந்தனீங்கள்?” என்று ஒருவர் கேட்டாராம். அதட்டவில்லை, ஏசவில்லை, அவ்வளவுதான் கேட்டார் என்றார். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. தாகத்திற்கு வந்தவர் யாரைப் பார்க்க வந்ததாகச் சொல்வார்? கேற்றின் பூட்டைக் கழற்ற ஒரு தீர்மானம் போதுமாக இருந்தது. இந்தக் கேள்வியைக் கழற்ற எவ்வளவு காலம் வேண்டும் என்று தெரியவில்லை. வேலையாளிடமும் மூப்பரிடமும் தனித்தனியே பேசினேன்: உள்ளே வருகிறவரிடம் எதுவும் கேட்க வேண்டாம், கேட்டே ஆக வேண்டுமென்றால், தண்ணீர் குடித்தீர்களா என்று கேளுங்கள்.

புரட்டாதி 20, சனி

வாங்குகள் வந்துவிட்டன. சாய்மானம் உள்ளவை நான்கு. முதியவர்கள் கையை ஊன்றி எழும்பக் கைபிடியும் இருக்கிறது. ஒன்றையொன்று பார்த்தபடி போடச் சொன்னேன். வரிசையாகப் போட்டால் பேருந்து நிலையம் ஆகிவிடும்.

புரட்டாதி 25, வியாழன்

வகுப்பு முடிந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து இருந்து பயிற்சிக் கொப்பிகளை விரித்தார்கள். பெடியளும் பெட்டையளும் ஒன்றாக இருப்பதாக உடனே ஒரு முறைப்பாடு. நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து குடித்தேன்.

புரட்டாதி 29, திங்கள்

சுவாமியின் இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது. ஐப்பசி நடுவில் புதியவர் பொறுப்பேற்பார். எப்படிப்பட்டவரோ. குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 2, வியாழன்

கீரைக்கார அம்மா உள்ளே வந்தார். வாங்கில் இருக்கவில்லை, வேரடியில் இருந்தார். பேசின் வெளியேதான். வாங்குபவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்றார், அதுவும் நியாயம். படலைக்கு உள்ளே, வீதியிலிருந்து பார்த்தால் தெரியும்படி அவருக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். இதையும் சுவாமி போவதற்கு முன்னர் எழுத்தில் வாங்க வேண்டும்.

ஐப்பசி 4, சனி

மாரிக்கு முன் மரக்கன்றுகள் வைக்கக் குழி வெட்டுகிறோம்: இலுப்பை, புங்கை, மருது. நாவலுக்கு எதிர்ப்பு, பழம் விழுந்து கறைபடுமாம். சிறுவர்களுக்காக ஒன்றாவது வைத்தே தீருவேன். மேற்குப் பக்கத்தில் ஒன்றரை அடியிலேயே பாறை தட்டிவிட்டது. பக்கத்து வீட்டுச் சைவப் பெடியள் அலவாங்கோடு வந்து கேளாமலே இறங்கி இடிக்கிறார்கள். திங்கட்கிழமை சாணி எருவுக்குச் சொல்ல வேண்டும், புதிய சுவாமிக்குக் கொடுக்கப் பாதையின் வரைபடத்தைத் திருத்தமாகக் கீற வேண்டும், சங்கடப்படலைக்கு ஓடு பார்க்க வேண்டும்.