செவலைக்கு ஒரு வீடு வேண்டும்

செவலை ஒரு பெண் நாய். நான்கு வயது இருக்கும், பல்லைப் பார்த்து டாக்டர் சொன்ன கணக்கு. எடை 16 கிலோ. காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். கருத்தடை ஆனதற்கான அடையாளம், காயம் என்று நினைக்க வேண்டாம். வடசென்னையில் மணலி பக்கம் வீடு காலி செய்துகொண்டு போனவர்கள் தெருவிலேயே விட்டுவிட்டுப் போன நாய். இப்போது எங்கள் ஷெல்டரில் இருக்கிறாள். இங்கே வருகிறவர்கள் நேராகக் குட்டிகள் இருக்கும் பக்கம் போய்விடுகிறார்கள். இவள் ஓடி வந்து வாலாட்ட மாட்டாள், பின்சுவரை ஒட்டிப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை.

வேலைக்குப் போகும் குடும்பத்துக்குக் குட்டியைவிட வளர்ந்த நாய்தான் சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. குட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போக வேண்டும், ஊசிகள் முடியும்வரை பார்வோ (குட்டிகளின் உயிரை எடுக்கும் வைரஸ் நோய்) பயம், செருப்பு, சார்ஜர் வயர் எதுவும் மிஞ்சாது. வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செவலையைப் பற்றி எல்லாமே இப்போதே சொல்லிவிடலாம். வீட்டுக்குள் அசிங்கம் செய்ய மாட்டாள், மண் தரை கிடைக்கும்வரை அடக்கிக்கொள்வாள். மற்ற நாய்களோடு ஒத்துப்போவாள். பூனையைக் கண்டால் துரத்துவாள், பூனை இருக்கும் வீட்டுக்குத் தர மாட்டோம். துடைப்பத்தைக் கையில் எடுத்தாலும் ஹெல்மெட் போட்ட ஆள் உள்ளே வந்தாலும் ஒடுங்கிப்போவாள். வளர்ந்த நாய் நம்மிடம் ஒட்டாது என்பது தப்பு. ஒட்டும், மூன்று மாதம் கேட்கும்.

கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் விசாரிப்பது ஹவுஸ் ஓனரைத்தான். தத்துப் போன நாய்கள் திரும்பி வருவதற்கு நாங்கள் அதிகம் கேட்கும் காரணம், “ஓனர் வேண்டாம்னுட்டார்.” குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் வாடகை வீட்டில் காலம் தள்ள அந்தத் தாள் மட்டும் போதாது. முன்கூட்டியே பேசி, முடிந்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போவது அம்மாவோ பாட்டியோ என்றால் முடிவும் அவர்களுடையதாக இருக்கட்டும். பையன் ஆசைப்பட்டான் என்பதற்காக மட்டும் வந்த நாயின் கதி பெரும்பாலும் மொட்டை மாடிதான். மாடியில் கட்டிப்போடுவதற்கு எந்த நாயையும் கொடுப்பதில்லை. சித்திரை வெயிலில் அந்தத் தளத்தில் நம்மாலேயே கால் வைக்க முடியாது. போதாததற்கு வியாசர்பாடி, தண்டையார்பேட்டை மாதிரி வீடுகள் ஒட்டி இருக்கும் இடங்களில் மாடிக்கு மாடி தாவிப் போய்விடும்.

நாய் தொலைவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். புது வீட்டை இன்னும் தன் வீடாக நினைக்காது, ஓடினால் திரும்பி வரத் தெரியாது. கழுத்தில் பெல்ட்டும் உடம்பில் ஹார்னஸும் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) இரண்டும் போட்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு மாட்டுங்கள். பயந்த நாய் பின்னால் இழுத்தால் பெல்ட் தலை வழியாகக் கழன்றுவிடும், அப்போது ஹார்னஸ் கயிறு கையில் இருக்கும். பெல்ட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்த்தி வேண்டாம். ஆட்டோவில் கூட்டிப்போகும்போது இரண்டு பேர் வந்து நடுவில் உட்கார வையுங்கள், சிக்னலில் நிற்கும்போதுதான் குதிக்கப் பார்க்கும். நம் வடசென்னைப் பக்கம் பல வீடுகளில் வாசல் திறந்தால் நேராகத் தெரு. தண்ணி லாரி வந்த அவசரத்தில் குடத்தோடு ஓடும்போது கதவு திறந்தே கிடக்கும். இரண்டு வாரத்துக்கு வாசலில் ஒரு தடுப்புப் பலகை வையுங்கள், பெல்ட்டில் போன் நம்பர் எழுதிய தகடு தொங்கட்டும்.

வந்த அன்றைக்குக் குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். மூலையில் ஒரு கோணிப்பை, பக்கத்தில் தண்ணீர், அவ்வளவு போதும். ஒருநாள், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், 24 மணி நேரம் தண்ணீரே குடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். நேருக்கு நேர் குனிந்து தலையைத் தடவாதீர்கள். செவலை அப்போது முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கி, கொட்டாவி விடுவாள். தூக்கம் வந்து விடுகிற கொட்டாவி அல்ல, “போதும்” என்று கேட்கிற கொட்டாவி. பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருங்கள். அவளாக எழுந்து வந்து, மூக்கால் உங்கள் முழங்காலை ஒருமுறை தொட்டுவிட்டுப் போவாள். இரண்டாம் முறை வரும்போது தாடைக்குக் கீழே சொறிந்து கொடுக்கலாம்.

சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் கை போனால் உறுமுவாள். இதற்காக அடிக்கவோ அதட்டவோ கூடாது. உறுமல் ஒரு எச்சரிக்கை; அதை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடி விழும். ஓரமாக வைத்துத் தனியாகச் சாப்பிட விடுங்கள், சின்னப் பிள்ளைகளை அந்த நேரத்தில் அண்ட விடாதீர்கள். வாயில் எதையாவது கவ்வியிருந்தால் பிடுங்காமல், ஒரு கோழித் துண்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

இவள் எடைக்கு ஒரு நாளைக்கு வெந்த சோறு 200 கிராம், எலும்பில்லாத கோழி 250 கிராம், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வெந்த பூசணியோ கேரட்டோ, இரண்டு வேளையாகப் பிரித்து. கறி சோற்றில் சுண்ணாம்புச் சத்து போதாது, அதனால் முட்டை ஓட்டைக் காயவைத்து நைசாகப் பொடித்து அரை டீஸ்பூன். காசிமேட்டில் மத்தி மலிவாகக் கிடைக்கிற நாளில் கோழிக்குப் பதில் அதையே வேகவைத்து, முள் எடுத்துப் போடலாம். மிச்சக் குழம்புச் சோறு மட்டும் வேண்டவே வேண்டாம். நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது, இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும், பிரியாணி எலும்பும் அதில் சேர்த்திதான்.

உண்ணிக் காய்ச்சல் செவலைக்கு ஒருமுறை வந்து குணமாகியிருக்கிறது, மறுபடியும் வரலாம். உடம்பில் தெரியும் உண்ணி கொஞ்சம்தான், மிச்சம் சுவர் விரிசலிலும் கட்டில் காலிலும் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். அதனால்தான் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாலும் தீர்வதில்லை. உண்ணியைக் கொல்லும் ஃப்ளூரலனர் மாத்திரை 10 முதல் 20 கிலோ வரை 500 மில்லிகிராம், 12 வாரத்துக்கு ஒன்று. டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். வலிப்பு உள்ள நாய்க்கு இது ஆகாது, இவளுக்கு அப்படி எதுவும் இல்லை. கூடவே வீட்டு விரிசல்களையும் அடைத்துவிடுங்கள். கரப்பான் சாக்பீஸை நாய் மேல் பூசவே கூடாது. சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்றால் டாக்சிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள் எழுதுவார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து ஓடும், அத்தோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்பி வருகிறது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், பால் தயிரோடு கொடுத்தால் மருந்து சரியாக ஏறாது, சாப்பாட்டுக்குப் பின் கறித்துண்டில் வைத்துக் கொடுங்கள்.

வெறிநாய்க்கடி ஊசி வருடம் ஒன்று. பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பலகூட்டு ஊசியில் லெப்டோ (எலிக்காய்ச்சல்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் புளியந்தோப்பு, ஓட்டேரிப் பக்கம் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலக்கும், லெப்டோ பரவுவது அப்படித்தான், மனிதர்களுக்கும் வரும். அதன் பாதுகாப்பு ஒரு வருடம்தான் நிற்கும் என்பதால் மழைக்கு முன்னால் போட்டுவிடுவது நல்லது. தனியார் கிளினிக் கட்டுப்படி ஆகாதவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள். மாநகராட்சி உரிமமும் எடுக்க வேண்டும், ஊசி போட்ட புத்தகம் அதற்குத் தேவைப்படும்.

நடக்கக் கூட்டிப்போவதில் தெரு நாய்கள்தான் பிரச்சினை. புதுசாக வந்தவளை அவை சும்மா விடாது. உங்கள் தெருவில் சோறு வைக்கிற அக்கா யாராவது இருப்பார்கள், முதல் நான்கைந்து நாள் அவர்களையும் உடன் கூட்டிக்கொண்டு போங்கள். குரைத்தால் ஓடாமல் நின்று, தெரு நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் செவலை வராதபடி அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு மெதுவாக நகருங்கள். தினமும் அதே தெரு, அதே நேரம். விடியற்காலையும், வெயில் தணிந்த பிறகும். தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அவள் பாதத்துக்கும் ஆகாது.

பட்டாசு என்றால் தீபாவளி மட்டும் நினைவுக்கு வரும். வடசென்னையில் சாவு ஊர்வலம் எந்த நாளும் மேளத்தோடும் வெடியோடும் வாசல் வழியாகப் போகும். சத்தம் தூரத்தில் கேட்கும்போதே ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்து, கட்டிலுக்கு அடியில் புகுந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். இழுத்து வெளியே கொண்டுவந்தால் கடித்துவிடுவாள். தீபாவளிக்கு டாக்டரிடம் முன்கூட்டியே மருந்து கேட்டு வையுங்கள், வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

செவலையைப் பார்க்க வருகிறவர்கள் ஹெல்மெட்டை வெளியே வைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள், வீட்டில் இருக்கும் எல்லோருமே வந்தால் நல்லது. அரை மணி நேரமாவது பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். ஒரே நாளில் முடிவு சொல்ல வேண்டியதில்லை, இரண்டு மூன்று முறை வந்து பாருங்கள். அதற்குப் பிறகு நாங்கள் உங்கள் வீட்டை வந்து பார்ப்போம். பணம் எதுவும் வாங்குவதில்லை. ஒத்துவராமல் போனால் வேறு யாரிடமும் கைமாற்றாமல், தெருவிலும் விடாமல், ஊசிப் புத்தகத்தோடு எங்களிடமே கொண்டுவந்து விடுங்கள், எந்த நேரமானாலும் வாங்கிக்கொள்வோம்.