அப்பா ஏறிய ஏழு மலை

வீட்டில் ஒருவர் இறந்தால் ஒரு வருஷம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அப்பாவுக்குத் தலைத்திதி கொடுத்து முடித்த பிறகு, இந்தச் சித்திரையில்தான் நானும் தம்பியும் கோயம்புத்தூர் பக்கத்து வெள்ளியங்கிரிக்குப் போனோம். அவர் இல்லாமல் அந்த மலையில் கால் வைத்தது அதுதான் முதல் முறை.

அப்பா தொண்டாமுத்தூர் பக்கத்துக்காரர். தோட்டத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். மாசி பிறந்துவிட்டால் சாயங்காலம் சாயங்காலம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற விடுவார்கள். அந்த நான்கு மாதத்துக்குள் ஒரு முறையாவது போய் வந்தால்தான் அவருக்கு அந்த வருஷம் நிறையும்.

மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். 1758இல் தொடங்கிய படை அது. பயிற்சி நீலகிரியில், வெல்லிங்டனில். “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்ற முழக்கத்தை நாங்கள் சின்ன வயதில் வீடு அதிரக் கத்துவோம். அவர் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பார். சண்டையைப் பற்றி மட்டும் அதிகம் பேச மாட்டார். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுப் பக்கம் இருந்தார். ஆற்றின் இரு கரையிலும் கண்ணிவெடி புதைத்து வைத்திருந்தார்கள். வழி இன்னும் முழுதாகத் திறக்காத நேரத்திலேயே டாங்கிகள் கடந்து போனதைச் சொல்லியிருக்கிறார். அந்தச் சண்டையில்தான் டிசம்பர் 16ஆம் தேதி, பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் அருண் கேத்ரபால் எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்து உயிர் விட்டார். போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். அவருக்கு வயது 21. அப்பாவுக்கும் அப்போது அதே வயதுதான். “அந்தப் பையன்” என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னார். இவருக்கு வயது கூடிக்கொண்டே போனது, அவர் பையனாகவே இருந்தார்.

அடிவாரத்தில் பூண்டியில் ஆண்டவரைக் கும்பிட்டு, ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரி ஏற ஆரம்பித்தோம். முதல் மலை முழுக்கச் செங்குத்தான படிகள். வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா அங்கேதான் தன் பழக்கத்தைத் தொடங்குவார். டார்ச்சைத் தனக்கு முன்னால் அடிக்க மாட்டார். கையைப் பின்னால் வைத்து, வருகிறவர்கள் கால் வைக்கும் இடத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே ஏறுவார். “மெதுவா வாங்க சாமி, மலை எங்கயும் போயிராது” என்பார். முன்பின் தெரியாதவர்களுக்கும் அதே சொல்தான். அவர் கூட வந்தவர்களில் யாரையாவது பாதியில் விட்டுவிட்டு மேலே போனதாக எனக்கு நினைவே இல்லை. முடியாதவர் இருந்தால் அவர் நடைக்குத்தான் எல்லோரும் நடக்க வேண்டும்.

தம்பி இந்த முறை அப்படித்தான் டார்ச் பிடித்தான். யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது மலையில் வழுக்குப்பாறை, அப்புறம் கைதட்டிச் சுனை, பீமன் களியுருண்டை என்று ஒவ்வொன்றாக வந்தது. காட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வழிதான். போளுவாம்பட்டி வனச்சரகம் யானைக்காடு. மூங்கில் முறிந்திருந்தால் அப்பா முறிந்த இடத்தின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, யானை போய் எவ்வளவு நேரமாச்சு என்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் புதரோரம் உட்கார விடமாட்டார். அவருடைய ரெஜிமெண்ட் சின்னத்திலும் யானைதான். தொப்பியில் வைத்திருந்த அந்தச் சின்னத்தை இன்றைக்கும் அம்மா பூஜை அலமாரியில் விநாயகர் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

அம்மா மலை ஏறினதில்லை. அப்பா இறங்கி வரும்வரை கீழே பூண்டிக் கோயில் மண்டபத்திலேயே இருப்பாள். கல்யாணமான புதிதிலும் காத்திருப்புதான். அப்போது எல்லையில் இருந்து இன்லேண்ட் லெட்டர் வரும். அக்காவுக்கு எத்தனை பல் விழுந்தது, மாடு கன்று போட்டதா என்று கேட்டுக் கேட்டு எழுதியிருப்பார். லீவில் வந்தால் அக்காவுக்குத் தலை பின்னி விடுவது அவர் வேலை. ராணுவத்தில் கயிறு முறுக்கிய கை, பின்னல் நாள் முழுக்க அவிழாது என்று அக்கா இப்போதும் சொல்வாள்.

ஆறாவது மலையின் இறக்கத்தில் ஆண்டி சுனை. தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. குளித்து, ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டே ஏழாவது மலை ஏறினோம். மேலே காற்று ஆளைத் தள்ளியது. பாறைகளுக்கு நடுவே சுயம்புவாக இருக்கும் ஆண்டவரைப் பார்த்தபோது விடிய ஆரம்பித்திருந்தது.

அங்கே நின்றுதான் அப்பா பெயர் சொல்வார். கூடச் சண்டைக்குப் போய்த் திரும்பி வராதவர்கள், ஓய்வு பெற்ற பின் ஒவ்வொருவராகக் காலமானவர்கள், எல்லார் பெயரையும் சாமியிடம் முணுமுணுத்துவிட்டுத்தான் தேங்காய் உடைப்பார். அதை அவர் எழுதி வைக்கவே இல்லை. எங்களுக்கு ஞாபகம் இருந்தது நான்கைந்து பெயர்தான். அவற்றைச் சொன்னோம். மீதி யார் யாரென்று யோசித்து நின்றபோது தம்பி அழுதுவிட்டான். “அப்பா சொல்ற மத்த எல்லாரும், சாமி” என்றேன். வெள்ளியங்கிரி ஆண்டவருக்குத் தெரியாத பெயரா? அப்பாவின் குரலில் எத்தனையோ வருஷம் கேட்ட பெயர்கள் அவை.

இறங்கும்போது அப்பா சாக்குப்பை வைத்திருப்பார். வழியில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் கவர் எல்லாம் அதற்குள் போகும். அடிவாரத்தில் வனத்துறை சோதனை செய்துதான் அனுப்புகிறது, அப்படியும் கிடக்கிறது. நாங்களும் பொறுக்கினோம். இறக்கத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. தடி இல்லையென்றால் சிரமம்தான்.

மண்டபத்தில் அம்மாவோடு அக்காவும் அவள் மகளும் இருந்தார்கள். மேலே இருந்து எடுத்து வந்த திருநீற்று மண்ணை அம்மாவிடம் கொடுத்தேன். பூசிக்கொண்டு, “சுனைல குளிச்சீங்களா?” என்று கேட்டாள். குளித்தோம் என்றதும் வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் பெயர் விஷயத்தை நான்தான் சொன்னேன். “எனக்கு எல்லாம் தெரியும் கண்ணு, பூராத்தையும் லெட்டர்ல எழுதியிருக்காரு, பெட்டில இருக்கு” என்றாள். வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, அக்கா மகள் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறாள்.