ஊசி கோர்க்க முடியாமல் போன சித்திரை மாதம்

மதுரை அனுப்பானடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. பிளவுஸ், சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் செய்வேன். சித்திரைத் திருவிழா எங்களுக்குச் சீசன். திருக்கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வரை பிளவுஸ் கேட்டு வாசலில் ஆள் நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்படி ஒரு சீசன் நேரத்தில்தான் என்னால் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது.

அப்போது எனக்கு 44 வயது. வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று நினைத்து, ஒரு கடையில் பவர் பார்த்து 1,800 ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கினேன்.

தாகத்துக்கு வெயிலைக் காரணம் சொன்னேன். மதுரையில் சித்திரை மாதம் தாகம் எடுக்காத ஆள் யார்? ஒரு சொம்பு தண்ணீர் குடித்த ஐந்தாவது நிமிஷம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாசலில் வண்டி வந்தால் கரும்பு ஜூஸ், நூல் வாங்க விளக்குத்தூண் பக்கம் போனால் ஜிகர்தண்டா. குடிக்கும்போது இதமாக இருக்கும், அப்புறம் முன்னைவிட அதிகமாக வறளும். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போனேன். இவ்வளவு தண்ணீர் குடித்தால் போகத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் மெஷின் மேலேயே தலை சாய்ந்துவிடும். என் பிளவுஸை நானே இரண்டு பக்கமும் ஒரு இன்ச் பிடித்துத் தைத்தேன். வேலை அதிகம், இளைத்துவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். வெளியே சொல்லக் கூசுகிற இடத்தில் தீராத அரிப்பு வேறு. அதற்கு மெடிக்கலில் ஒரு ஆயின்ட்மென்ட். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான். “ஏத்தா, பாத்ரூம்ல எறும்பு மொய்க்குதான்னு பாத்தியா?” என்று கேட்டார். மொய்த்தது. நான்தான் அதற்கு எறும்பு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 242. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 361. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 10.8. அது 6.5 இருந்தாலே சுகர் என்றுதான் கணக்கு.

“தண்ணி குடிக்கிறதால யூரின் போகுதுன்னு நினைச்சீங்களாம்மா? அது தலைகீழ்” என்றார் டாக்டர். ரத்தத்தில் சர்க்கரை 180 வாக்கில் தாண்டிவிட்டால் கிட்னியால் அதைப் பிடித்து வைக்க முடியாது. சிறுநீரில் இறங்கும்போது அது உடம்பில் இருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகம். எடை குறைந்ததும், அரிப்பும், களைப்பும் அதே சர்க்கரையால்தான் என்று சொன்னார். நான் தாகத்துக்கு ஜிகர்தண்டா குடித்திருக்கிறேன் என்பது நினைவு வந்து அங்கேயே அழுதுவிட்டேன். “இனிமே வெறும் தண்ணி, உப்பு அளவாப் போட்ட மோர். தாகத்தை அடக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினார்.

சுகருக்குக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரை முதல் இரண்டு வாரம் வயிற்றைக் கலக்கியது. விட்டுவிடலாம் என்று கூடத் தோன்றியது. சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னார்கள், மெல்லப் பழகிவிட்டது. பத்து நாளில் ராத்திரி எழுவது ஒரு தடவையாகக் குறைந்தது. முழுசாகத் தூங்கிய அந்த முதல் ராத்திரியை நான் மறக்கவே மாட்டேன். அரிப்புக்கும் சரியான மருந்து கொடுத்தார்கள். பெண்கள் இதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். நான் இரண்டு மாதம் சொல்லாமல் வைத்திருந்து வீணாகக் கஷ்டப்பட்டேன்.

கண்தான் பயமுறுத்தியது. மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம், புதுக் கண்ணாடி போட்டாலும் கிட்டத்தில் எதுவும் தெரியவில்லை. மருந்துதான் கண்ணைக் கெடுக்கிறது என்று வீட்டில் ஒரே பேச்சு. டாக்டரிடம் கேட்டேன். சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் நீர் கோத்து உப்புமாம். சர்க்கரை இறங்கும்போது அது மறுபடி மாறும். அதனால் பவர் நிலையாக இருக்காது, சுகர் ஒரு நிலைக்கு வந்து சில வாரம் போன பிறகுதான் கண்ணாடி வாங்க வேண்டும் என்றார். 1,800 ரூபாய் போனது போனதுதான். அந்த ஒன்றரை மாதம் என் மகள் ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் பத்து ஊசியில் நூல் கோத்து, குஷனில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். கறுப்புத் துணியைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் தொட்டேன். அப்புறம் அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள். பாதிப்பு இல்லை, வருஷம் ஒருமுறை வந்து பாருங்கள் என்றார்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், மங்கலாக இருக்கும். துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.

சாப்பாட்டில் நான் செய்த பெரிய தப்பு கேழ்வரகுக் கூழ். சுகருக்கு நல்லது என்று இரண்டு பெரிய டம்ளர் குடித்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 268. கேழ்வரகிலும் மாவுச்சத்துதான், அதுவும் கூழாகக் கரைத்தால் சீக்கிரம் ஏறும். இப்போது தட்டில் முதலில் பாதிக்குக் காய், அப்புறம் சுண்டலோ முட்டையோ மீனோ, கடைசியில் ஒரு கப் சோறு. மத்தியானம் சாப்பிட்ட கையோடு தெருவில் பதினைந்து நிமிஷம் நடக்கிறேன். மெஷின் மேல் தூங்கி விழுவது நின்றுபோனது இதற்குப் பிறகுதான். காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி மூன்று சுற்று.

வீட்டிலேயே சுகர் மெஷினில் பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஒருநாள் பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு விரலைக் குத்தினேன், 312 காட்டியது. பதறிப்போய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி பார்த்தால் 168. விரலில் இருந்த மாம்பழச் சாறு! ஆனால் கை சுத்தமாக இருந்தும் 300-க்கு மேலேயே நின்று, கூடவே வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு என்று எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறு மாதத்தில் ஹெச்பிஏ1சி 7.1-க்கு வந்தது. சுகரால் வந்த பாத எரிச்சல் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. போன வருஷம் ஒருநாள் ராத்திரி என் வீட்டுக்காரர், “என்னது இது, குதிகால்ல?” என்றார். குண்டூசி, பாதி இறங்கியிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டார். ஆயுசு முழுக்க நூலைத் தொட்டவள் நான். இரண்டு இடத்தில் அந்த இழை பட்டது எனக்குத் தெரியவில்லை. சுகரால் பாத நரம்பு மரத்திருக்கிறது, சுகர் எனக்கு முன்பே சில வருஷமாக இருந்திருக்கும் என்றார்.

அதிலிருந்து கடைக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டுதான் பெடல் மிதிக்கிறேன். வாடிக்கையாளர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும்போது நான் மட்டும் போட்டிருப்பது முதலில் சங்கடமாக இருந்தது, இப்போது காரணம் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கடை சாத்தும் முன் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுக்கிறாள் மகள். நேற்று ஏழு குண்டூசி, இரண்டு கொக்கி.