வண்டி நிற்கும் நேரம்

2021 ஆகஸ்டில் கல்லூரிக்கு ஒரு வருடம் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு முடிந்திருந்தது. முடிந்தது என்று சொல்வதும் கொஞ்சம் மிகைதான், ஐந்து அரியர் இருந்தது. கொரோனா காலத்தில் லேத் மெஷினைக்கூட போன் வீடியோவில் பார்த்துத்தான் படித்தோம். 'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதில் காரணம் எழுதும் இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று போட்டேன். பொய் இல்லை. அப்பாவிடம் இருந்தது ஒரே லாரி. அதில் மாற்று டிரைவராக இருந்தவர் ஊரடங்கில் நின்றவர், அப்படியே மில் வேலைக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு முதுகு தேய்ந்துபோய் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் ஊர் சங்ககிரி பக்கம். இங்கே 'வண்டி வெச்சிருக்கோம்' என்றால் லாரி என்று அர்த்தம். நாமக்கல்லில் பாடி கட்டுவார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி, எங்கள் பக்கம் வடக்கே ஓடும் லைன் லாரி. ஆனால் லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் லாரி ஏறுவதில்லை. பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைப்பதற்குத்தான் அவர்கள் லாரியே ஓட்டுகிறார்கள். நான் ஏறுகிறேன் என்றதும் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஹெவி லைசென்ஸ் எடுக்க 20 வயது ஆகியிருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டும் எனக்குச் சரியாக இருந்தது. எட்டாவது பாஸ் என்ற பழைய நிபந்தனையை 2019லேயே எடுத்துவிட்டார்கள். நானோ பன்னிரண்டாவதில் நல்ல மார்க். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு முதல் இரண்டு நடை நான் செய்த வேலை டயர் தட்டியதுதான்.

வண்டி பத்து சக்கர டாரஸ். முன்னால் இரண்டு, பின்னால் எட்டு. பின்னால் இருப்பது ஜோடி ஜோடியாக இருப்பதால் உள் டயரில் காற்று இறங்கினால் பார்த்துத் தெரியாது, வெளி டயர் தாங்கிக்கொண்டு நிற்கும். அதற்குத்தான் ஒரு இரும்புத் தடி. நிறுத்தும் இடத்தில் எல்லாம் இறங்கி ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். காற்று சரியாக இருந்தால் தடி கையை எதிர்த்துத் துள்ளும், 'டங்' என்று கேட்கும். இறங்கியிருந்தால் 'தொப்' என்று தடி அங்கேயே தங்கிவிடும். பெனுகொண்டா தாண்டி ஒரு டீக்கடையில் நான் தட்டிவிட்டு வந்து எல்லாம் சரி என்றேன். டிரைவர் அண்ணன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே போய் இடது பக்கம் ஒரே ஒரு டயரை மட்டும் தட்டினார். "இதக் கேளு கண்ணு. இது சரியா?" எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஜாக்கி போட்டுக் கழற்றிப் பார்த்தால், உள் டயரில் ஒரு ஆணி.

அண்ணனுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பதினான்கு வயதில் கிளீனராக ஏறியவர். முதலாளி மகன் என்று என்னை விட்டுப் பிடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று ஒருமுறை கேட்டார், அதோடு சரி. இப்போது கிளீனர் வைத்துக்கொள்ளும் வண்டியே குறைவு, வாடகை கட்டுபடியாகாது. ஆக நான் லைசென்ஸ் வைத்திருக்கிற கிளீனர். என் கணக்கில் டிரைவர், அவர் கணக்கில் பாதி.

எங்கள் நடை பெரும்பாலும் ஒரே வட்டம். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர். மராட்டியத்தில் விரத நாட்களில் சோறு சாப்பிட மாட்டார்கள், ஜவ்வரிசிக் கிச்சடிதான். அவர்கள் விரதத்தில்தான் எங்கள் ஊர் மரவள்ளிக்கு மவுசு. திரும்பும்போது சோயாப் புண்ணாக்கு ஏற்றி வந்து நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாக இறக்குவோம். ஒரு பக்கத்துக்கு சுமார் 1,300 கிலோமீட்டர். ஓசூர், பெங்களூர், அனந்தபூர், கர்னூல், ஐதராபாத், அடிலாபாத், அப்புறம் பென்கங்கா ஆறு தாண்டினால் மராட்டியம். முழுக்க முழுக்க 44ஆம் எண் நெடுஞ்சாலை. கூகுள் மேப் ஒரு நாள் என்று சொல்லும். லோடு வண்டிக்கு மூன்று நாள்.

லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கிடைத்தால் அண்ணன் அன்று நல்ல மனநிலையில் இருப்பார். ஒரு பக்கத்துக்கே 325 லிட்டர். அந்த வருடம் நவம்பர் 4ஆம் தேதி மத்திய அரசு டீசலுக்குப் பத்து ரூபாய் வரி குறைத்தது, கர்நாடகம் தன் பங்குக்கு இன்னும் ஏழு ரூபாய் குறைத்தது. அதற்குப் பிறகு ஓசூர் வரைக்கும் கணக்காக டீசலை வைத்து ஓட்டி, அத்திப்பள்ளி தாண்டியதும் டேங்கை நிரப்புவோம். தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைத்திருந்தவன் டீசல் கணக்கில் தேறிவிட்டேன்.

ஓட்டுவது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். இரண்டு மாதத்தில் கை பழகிவிட்டது. பழகாதது நிற்பது. லோடு ஏற்ற நிற்க வேண்டும், எடை போட நிற்க வேண்டும், பில் வர நிற்க வேண்டும், பகலில் ஊருக்குள் விட மாட்டார்கள் என்று இரவு வரை நிற்க வேண்டும். ஜிஎஸ்டி வந்த பிறகு செக்போஸ்ட்டில் நிற்பது போயிற்று, பாஸ்டேக் வந்து சுங்கச்சாவடியிலும் குறைந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், ரோடு வேகமாகிவிட்டது. குடோன் வாசல் மட்டும் அப்படியே இருக்கிறது.

என் முதல் நடையிலேயே அது நடந்தது. செப்டம்பர் முதல் வாரம். அடிலாபாத் பக்கம் இரவு முழுக்க மழை. நாக்பூருக்கு வெளியே குடோன் வாசலில் வண்டியைப் போட்டால், கேட் பூட்டியிருக்கிறது. பொலா பண்டிகை. நம் மாட்டுப் பொங்கல் மாதிரி, மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து அலங்கரித்துக் கொண்டுபோகிறார்கள். சுமை தூக்குபவர்கள் ஒருவரும் வரவில்லை. மறுநாள் 'தன்ஹா பொலா', குழந்தைகளுக்கானது. சின்னச் சின்ன மர மாடுகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பிள்ளைகள் தெருவில் போனார்கள். ஒரு பையன் எங்கள் வண்டிக்கு முன்னால் நின்று என் முகத்தையே பார்த்தான். அண்ணன் இறங்கிப் போய் அவன் கையில் பத்து ரூபாய் கொடுத்தார், அதுதான் அங்கே வழக்கமாம். இருபது வருடமாக வருகிறவருக்கு அந்த ஊர்ப் பண்டிகை தெரிகிறது. அந்த ஊரில் குடோன் வாசலைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

பக்கவாட்டுப் பெட்டியில் அரிசி, புளி, மிளகாய்த்தூள், ஒரு சின்ன ஸ்டவ் இருந்தது. வண்டி நிழலில் உட்கார்ந்து ரசம் வைத்துச் சாப்பிட்டோம். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று அப்போது இருந்தது. போனில் அதைப் படித்துவிட்டு உற்சாகமாக அண்ணனிடம் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார், "ஓட்டற எட்டு மணி நேரமா கண்ணு, வண்டியோட கெடக்கற எட்டு மணி நேரமா?"

மூன்றாம் நாள் கேட் திறந்தது. தார்ப்பாயைப் பிரித்தால், பின் மூலையில் மூன்று மூட்டை நனைந்து கட்டியாகிப் போயிருந்தது. அந்த மூலைக் கயிறு நான் கட்டியது. முடிச்சு இளகி மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. மூன்று மூட்டை விலையை வாடகையில் கழித்துக்கொண்டார்கள். மூன்று நாள் நின்றதற்கு ஹால்ட்டிங் காசு கேட்டோம். பண்டிகை என்றால் நாங்கள் என்ன செய்வது என்றார்கள். நான் இந்தியும் இங்கிலீஷும் கலந்து சண்டைக்குப் போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "நீ பேசிட்டுக் காலேஜுக்குப் போயிருவ. அடுத்த மாசம் இந்த வாசல்ல நான்தான் வந்து நிக்கோணும்." மூட்டையைப் பற்றி அப்பாவிடம் போனில் சொல்லும்போது, 'கயிறு இளகிருச்சுங்க' என்று மட்டும் சொன்னார்.

தொப்பூர் இறக்கத்தை என் கையில் கொடுத்தது ஜனவரியில். புண்ணாக்கு லோடு, முழு எடை. தர்மபுரி தாண்டிச் சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சில கிலோமீட்டரில் எத்தனையோ வண்டிகள் விபத்தில் போயிருக்கின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் முழு எடையும் பிரேக்கின் மேல் விழும். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. இதைப் பரீட்சையில் எழுதச் சொன்னால் படம் போட்டு எழுதியிருப்பேன். அங்கே என் கை தானாக நியூட்ரலுக்குத்தான் போயிற்று. எல்லோரும் செய்வதைப் பார்த்துப் பழகிய கை.

"ஏறும்போது எந்தக் கியர்ல ஏறுன?"

"மூணுங்ணா."

"அப்ப அதுலயே எறங்கு."

வண்டி முக்கி முனகிக்கொண்டு இறங்கியது. பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். ஒரு தமிழ்நாட்டுப் பஸ் எங்களைத் தாண்டிப் பாய்ந்தது. இரட்டைப் பாலம் வரும்வரை அண்ணன் பீடி பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பாலம் தாண்டியதும் பற்ற வைத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

2022ல் திரும்பிக் கல்லூரிக்குப் போனேன். ஜூனியர் பையன்களோடு வகுப்பு. லாரி ஓட்டினேன் என்றதும் முதல் வாரம் எனக்கு ஹீரோ மரியாதை. அதை நான் மறுக்கவும் இல்லை, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் கேட்டதெல்லாம் எவ்வளவு வேகம் போனாய், தாபாவில் என்ன சாப்பிட்டாய் என்றுதான். வாசலில் நின்ற கதையைச் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

இப்போது பெங்களூரில் வேலை. ஏசி அறை, எட்டு மணி நேரம், நிஜமாகவே எட்டு. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கும் ஏசி கட்டாயம் என்று ஆகியிருக்கிறது. நல்ல விஷயம். அண்ணன் ஓட்டுவது பழைய வண்டி. அப்பா அதை விற்றபோது வாங்கியவரிடமே அவரும் சேர்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஊருக்கு வரும்போது தர்மபுரி தாண்டியதும் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். டிரைவர் கியரில் இறங்குகிறாரா, விட்டுவிட்டாரா என்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

போன வாரம் அப்படி விழித்திருந்தபோது அண்ணனுக்குப் போன் அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். எங்கே இருக்கிறீர்கள் என்றேன்.

"நாக்பூர்தான் கண்ணு. கேட்டு இன்னும் தெறக்கல."